அமிலமா, காரமா, நடுநிலையா? பள்ளிச் சோதனையைப் பிழையில்லாமல் செய்ய ஒரு வழிகாட்டி

பாடநூலில் இது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் சோதனை. நீல லிட்மஸ் தாள் சிவந்தால் அமிலம், சிவப்பு லிட்மஸ் நீலமானால் காரம், இரண்டும் மாறாவிட்டால் நடுநிலை. மேசைக்கு வந்ததும் கதை மாறுகிறது. சர்க்கரைக் கரைசல் காரம் என்று ஒரு குழு எழுதுகிறது. அமிலத்தில் சிவக்க வேண்டிய மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டி (அமிலத்தையும் காரத்தையும் நிறத்தால் காட்டும் பொருள்) புளித்த தயிரில் மஞ்சளாகவே நிற்கிறது. காரத்தைக் காட்டும் நிறங்காட்டியான பினாப்தலீன் சமையல் சோடாவில் இளஞ்சிவப்பு காட்ட மறுக்கிறது. பிள்ளைகள் கண்ணால் கண்டதை விட்டுவிட்டு நூலில் இருப்பதை எழுதி வைக்கிறார்கள். இந்தச் சோதனையில் நடக்கும் பெரிய இழப்பு அதுதான்.

மேலே சொன்னவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. பெரும்பாலும் தண்ணீர், பழைய தாள், விரல் ஈரம், தவறான செறிவு, நிறங்காட்டி நிறம் மாறும் எல்லை என்ற ஐந்தில் ஒன்றாக இருக்கும். முதல்முறை வகுப்பில் இதை நடத்தப்போகும் ஆசிரியர்களும், செய்முறைத் தேர்வுக்கு முன் பழகிக்கொள்ள நினைக்கும் மாணவர்களும் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. "மாறவில்லை" என்றால் என்ன பொருள் என்று முதலில் தெளிவாகுங்கள்

நீல லிட்மஸ் நீலமாகவே இருக்கிறது. அப்படியானால் காரம்தானே? இல்லை. அமிலம் இல்லை என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. காரமாகவும் இருக்கலாம், நடுநிலையாகவும் இருக்கலாம். சிவப்புத் தாள் சிவப்பாகவே நிற்பதும் இதே மாதிரிதான். நிறம் மாறினால் அந்த ஒரு தாளே போதிய சான்று. மாறாவிட்டால் இன்னொரு தாளையும் கேட்டே ஆகவேண்டும். இரண்டு தாளும் மாறவில்லை என்ற பிறகுதான் நடுநிலை என்று எழுதலாம். அப்போதும் அந்தத் தாள்கள் உயிரோடு இருக்கின்றன என்று முன்பே சோதித்திருக்க வேண்டும். அதைப் படி 5இல் பார்ப்போம்.

மஞ்சள் தாளில் இதே குழப்பம் இன்னும் அதிகம். மஞ்சள் காரத்துக்கு மட்டுமே மாறும். எலுமிச்சைச் சாற்றிலும் மஞ்சள், உப்புத் தண்ணீரிலும் மஞ்சள். மஞ்சள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அமிலத்தையும் நடுநிலைப் பொருளையும் பிரிக்கவே முடியாது.

2. என்னென்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

40 பேர் வகுப்பு, நான்கு பேருக்கு ஒரு குழு, மொத்தம் 10 குழு என்று வைத்துக் கணக்கிடுவோம். ஒரு குழு 8 பொருள்களைச் சோதிக்கும். ஒவ்வொரு லிட்மஸ் தாளையும் நான்காகக் கிழித்தால், ஒரு குழுவுக்கு நீலத்தில் 2 தாள், சிவப்பில் 2 தாள் போதும். வகுப்பு முழுவதற்கும் ஒவ்வொரு நிறத்திலும் 20 தாள். 20 தாள் கொண்ட சிறு புத்தகமாக வாங்குகிறீர்கள் என்றால் நிறத்துக்கு இரண்டு புத்தகம் வாங்குங்கள். ஒன்று வேலைக்கு, ஒன்று தாளைச் சோதிக்கவும் பிழை போகவும்.

இதனுடன் 1 முதல் 14 வரை நிற அட்டை உள்ள பிஎச் தாள் (அமில, காரத் தன்மையை எண்ணால் காட்டுவது; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஒரு கட்டு, பினாப்தலீன் கரைசல் ஒரு பாட்டில், மெத்தில் ஆரஞ்சு ஒரு பாட்டில். எல்லாம் சேர்த்து 500 முதல் 800 ரூபாய் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். எலுமிச்சை, தயிர், புளி, சமையல் சோடா, சலவை சோடா, வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு, படிகாரம், சர்க்கரை, உப்பு ஆகிய வீட்டுப் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் பெரிய செலவில்லை. கண்ணாடித் தண்டு, சொட்டான், இடுக்கி இல்லாவிட்டால் தென்னங்குச்சி, பழைய சொட்டு மருந்துக் குப்பி, புருவம் பிடுங்கும் சாமணம் போதும்.

பில்லைப் பள்ளியின் பெயரில் வாங்குங்கள். தாளும் நிறங்காட்டியும் தீர்ந்துபோகும் பொருள்கள். வாங்கிய அன்றே இருப்புப் பதிவேட்டில் அந்தப் பகுதியில் ஏற்றிவிடுங்கள். ஆண்டு இறுதியில் 20 தாள் எங்கே போனது என்று தேடுவதைவிட, பயன்படுத்திய அன்றே வகுப்பு, தேதி, செலவான எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரு வரியில் எழுதி வைப்பது எளிது.

அமிலம் வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளின்படி, கடைக்காரர் அமிலம் வாங்குபவரின் விவரத்தையும் எதற்காக வாங்குகிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். முகவரியுடன் கூடிய, அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. அமிலம் வைத்திருக்கும் கல்வி நிறுவனம் பயன்பாட்டுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருக்க வேண்டும். ஆகவே எந்த மாணவரையும் "போய் ஒரு பாட்டில் வாங்கி வா" என்று கடைக்கு அனுப்பாதீர்கள்.

3. தண்ணீரில்தான் பாதிப் பிழை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் பைகார்பனேட் கரைந்திருக்கும். அந்தத் தண்ணீரே லேசான காரம். அதில் சர்க்கரையைக் கரைத்தால் சிவப்பு லிட்மஸ் மங்கிய நீலத்துக்குப் போகும், நடுநிலையில் நீலமாக இருக்கும் சங்குப்பூச் சாறு பச்சை கலந்த நீலமாகும். காரம் சர்க்கரையில் இல்லை, போர் தண்ணீரில் இருக்கிறது. கொதிக்க வைத்து ஆற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கொதிக்க வைத்தால் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு வெளியேறி, காரத்தன்மை இன்னும் கூடும்.

வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) பயன்படுத்துங்கள். மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருள் கடையிலோ கிடைக்கும். பேட்டரிக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரும் இந்த வேலைக்குச் சரிதான். ஆனால் அதே கடையில், அதே மாதிரிக் கேனில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும். அது கந்தக அமிலம். லேபிளைப் படித்து, திறந்ததும் ஒரு சொட்டை நீல லிட்மஸில் வைத்துப் பார்த்த பிறகுதான் வகுப்புக்குள் கொண்டுபோக வேண்டும். எதுவுமே கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

வாலை வடிநீரை பிஎச் தாளில் வைத்தால் 7 காட்டாமல் 6 பக்கம் காட்டினால் பதற வேண்டாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து அதை மிக மிக லேசான அமிலமாக்கியிருக்கும். லிட்மஸை மாற்றும் அளவுக்கு அதற்குப் பலம் இல்லை.

வகுப்பு தொடங்குமுன், பயன்படுத்தப்போகும் தண்ணீரை மட்டும் தனியாக, எந்தப் பொருளும் கரைக்காமல், எல்லா நிறங்காட்டிகளிலும் சோதித்து எழுதி வையுங்கள். "வெறும் தண்ணீர்" என்பது உங்கள் அட்டவணையின் முதல் வரியாக இருக்கட்டும்.

4. முந்தைய நாள் மாலை வேலை: ஒரு மணி நேரம்

சுண்ணாம்பு நீர்: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சுண்ணாம்பைக் கலக்கி மூடி வையுங்கள். லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும், மிச்சம் அடியில் தங்கிவிடும். காலையில் மேலே உள்ள தெளிவை மட்டும் ஆடாமல் இறுத்து, வடிகட்டி, இறுக்கமாக மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடோடு சேர்ந்து மேலே வெள்ளை ஏடு படியும்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம்: இங்கே பலர் கோட்டை விடுகிறார்கள். லிட்மஸுக்கு 0.1 மோலார் (மோலார் என்பது கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) போதும் என்று அந்தக் கரைசலையே கார்பனேட் சோதனைக்கும் கொடுக்கிறார்கள். நுரையே வருவதில்லை. 2 மில்லி 0.1 மோலார் அமிலத்தில் ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டால், அமிலத்தைவிடக் கார்பனேட் பல மடங்கு அதிகம். அமிலம் முழுவதும் கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றுவதிலேயே செலவாகிவிடும், வருகிற கொஞ்ச வாயுவும் நீரிலேயே கரைந்துவிடும். கார்பனேட் சோதனைக்கு 1 மோலார் அமிலம் வேண்டும். ஆய்வகத்தில் கிடைக்கும் சுமார் 35 சதவீத அடர் அமிலத்தில் 22 மில்லியை, ஏற்கெனவே 200 மில்லி தண்ணீர் உள்ள முகவையில் மெல்ல ஊற்றி, பிறகு 250 மில்லிக்கு நிரப்புங்கள். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றவே கூடாது. இந்த வேலை ஆசிரியருடையது. மாணவர் கையில் அடர் அமிலம் போகக் கூடாது.

சோடியம் ஹைட்ராக்சைடு: 250 மில்லிக்கு 1 கிராம் போட்டால் 0.1 மோலார். இதைச் செறிவாகச் செய்யாதீர்கள். 1 மோலார் அளவுக்குப் போனால் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு தோன்றிச் சற்று நேரத்தில் வெளுத்துப் போகும். கண்ட மாணவர் "நிறமில்லை, காரமில்லை" என்று எழுதிவிடுவார். பழைய, ஈரம் கோத்த சோடியம் ஹைட்ராக்சைடு பாதி கார்பனேட்டாக மாறியிருக்கும். அதில் அமிலத்தை ஊற்றினால் குமிழ் வரும். புதிய பாட்டிலையே பயன்படுத்துங்கள்.

மஞ்சள் தாள்: ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை 20 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கி வடிகட்டுங்கள். தண்ணீரிலும் செய்யலாம், ஆனால் நிறம் தரும் குர்குமின் ஸ்பிரிட்டில்தான் நன்றாகக் கரையும். வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்தி, விரல் அகலத்தில் வெட்டுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

பூச்சாறு: சங்குப்பூ 10 எடுத்துப் பச்சைக் காம்பையும் புல்லியையும் நீக்கி, அரை டம்ளர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். போர் தண்ணீரில் ஊறவைத்தால் ஆரம்பத்திலேயே பச்சை தட்டிவிடும். இந்தச் சாறு ஒரு நாளைக்கு மேல் வெளியில் நிற்காது, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

5. பொருளைச் சோதிக்கும் முன் தாளைச் சோதியுங்கள்

லிட்மஸ் புத்தகத்தை அடர் அமில பாட்டில் இருக்கும் அலமாரியிலேயே வைத்திருப்பார்கள். பாட்டிலின் மூடி வழியே கசியும் புகையிலேயே நீலத் தாள் ஓரமெல்லாம் ஊதாவாகியிருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு 40 பேர் சோதனை செய்தால், எல்லாமே அமிலம்.

ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு தாளை எடுங்கள். எலுமிச்சைச் சாறு ஒரு துளி, சுண்ணாம்பு நீர் ஒரு துளி, வெறும் தண்ணீர் ஒரு துளி. நீலம் எலுமிச்சையில் மட்டும் சிவக்க வேண்டும், சிவப்பு சுண்ணாம்பு நீரில் மட்டும் நீலமாக வேண்டும், தண்ணீரில் இரண்டும் அசையக் கூடாது. இந்த இரண்டு நிமிட வேலையை மாணவர்களையே செய்ய விடுங்கள். நிறம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். பிறகு "இது சிவப்பா, ஊதாவா" என்ற சண்டை குறையும்.

6. லிட்மஸ் சோதனை

கால் துண்டுத் தாளை வெள்ளை ஓட்டின் மேல் அல்லது வெள்ளைத் தட்டின் மேல் வையுங்கள். கண்ணாடித் தண்டைக் கரைசலில் தோய்த்து ஒரு துளியைத் தாளில் வையுங்கள். தாளைக் கரைசலுக்குள் முக்காதீர்கள். தாளின் சாயம் மாதிரியில் இறங்கும், அடுத்த சோதனைக்கு அது உதவாது. தண்டை ஒவ்வொரு பொருளுக்கும் இடையில் வாலை வடிநீரில் கழுவித் துடைக்க வேண்டும். தாளை விரலால் பிடிக்காமல் சாமணத்தால் எடுங்கள். எலுமிச்சை பிழிந்த விரல் தொட்ட நீலத் தாளில் விரல் ரேகையே சிவப்பாகப் பதிந்திருக்கும்.

ஈரமாக இருக்கும்போதே பார்த்து எழுதுங்கள். இது மிக முக்கியம். கோலி சோடாவை நீலத் தாளில் வைத்துப் பாருங்கள். தாள் ஒயின் நிறத்தில் சிவக்கும். தட்டிலேயே விட்டுவிட்டு ஐந்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பினால், துளி உலர உலர அந்தச் சிவப்பு மெல்லக் கலைந்து தாள் பழையபடி நீலத்துக்குத் திரும்பியிருக்கும். சோடாவில் இருந்தது கார்போனிக் அமிலம். கார்பன் டைஆக்சைடு பறந்துவிட்டால் அமிலமும் போய்விடும். அம்மோனியாவில் நீலமான சிவப்புத் தாளும் இப்படித்தான் காற்றில் மறுபடி சிவக்கும். வகுப்பு முடிவில் தட்டிலுள்ள தாள்களைப் பார்த்து மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு வரியாவது தப்பாகும்.

சோடா என்ற பெயரும் பிள்ளைகளைக் குழப்பும். கோலி சோடா அமிலம், சமையல் சோடாவும் சலவை சோடாவும் காரத்தன்மை உடையவை. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், ஆயுளுக்கும் மறக்காது.

நிறமுள்ள பொருள்கள் தனிச் சிக்கல். புளிக்கரைசலின் பழுப்பு, தக்காளிச் சாற்றின் சிவப்பு எல்லாம் தாளின் நிறத்தை மறைக்கும். வெளிறும்வரை தண்ணீர் சேர்த்து, துளி வைத்த பிறகு நடுவைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். தாளில் தெளிந்த நீர் சாயத்துக்கு முன்னே ஓடிப் பரவும், அந்த வளையத்தில்தான் உண்மையான நிறம் தெரியும். தயிரை அப்படியே வைக்காமல் மேலே பிரியும் தெளிந்த நீரை எடுங்கள்.

உலர்ந்த தூளை உலர்ந்த தாளில் வைத்தால் எதுவும் நடக்காது. தண்ணீரில் கரைந்தால்தான் அமிலமும் காரமும் தாளோடு பேசும். எண்ணெயை லிட்மஸில் வைத்து "மாறவில்லை, நடுநிலை" என்று எழுதுவதும் சரியல்ல, அது நீரில் கரையவே இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்; தாளின் சாயத்தையே வெளுத்துவிடும். அதைவிட, அமிலம் தெறித்தால் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே அறையில் திறந்திருக்கவே கூடாது.

7. மஞ்சளும் பூக்களும்

ஆரத்தி எடுக்கும் தண்ணீர் எப்படிச் சிவந்தது என்று வகுப்பில் கேளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தது என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். வெள்ளை வேட்டியில் சாம்பார் மஞ்சள் பட்ட இடத்தில் சோப்புப் போட்டதும் சிவப்பாவதும் அதே வேதியியல். சோப்பின் காரம் அலசிப் போனதும் மறுபடி மஞ்சளாகிவிடும்.

மஞ்சள் தாளால் அமிலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தாளை முதலில் சலவை சோடா கரைசலில் தொட்டுச் சிவக்க வையுங்கள். அதன் மேல் சோதிக்க வேண்டிய துளியை வையுங்கள். மஞ்சளாகத் திரும்பினால் அமிலம். உப்புத் தண்ணீர் வைத்தால் சிவப்பாகவே இருக்கும். துளி சிறியதாக இருக்கட்டும். நிறையத் தண்ணீர் விட்டால் சோடா கழுவிப் போய் ஏமாற்றும். போரிக் அமிலத்தை மட்டும் மஞ்சள் தாளில் சோதிக்க வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்து மஞ்சள் தாளில் உலர்ந்தால் அது அமிலமாக இருந்தும் செம்பழுப்பு நிறம் தரும்.

சங்குப்பூச் சாறுதான் என் முதல் தேர்வு. நடுநிலையில் நீலம், எலுமிச்சையில் ஊதா, வலுவான அமிலத்தில் இளஞ்சிவப்பு, சமையல் சோடாவில் நீலப்பச்சை, சுண்ணாம்பு நீரில் பச்சை. ஒரே சாறு மூன்று கேள்விக்கும் விடை சொல்கிறது. செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பும் காரத்தில் பச்சையும் காட்டும்; நடுநிலையில் அதன் சொந்த நிறம் மங்கலாக இருப்பதால் ஒப்பிட ஒரு குழாயில் வெறும் சாற்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். பீட்ரூட்டை நம்பாதீர்கள். அமிலத்திலும் நடுநிலையிலும் ஒரே சிவப்பு. வலுவான காரத்தில்தான் மஞ்சளாகும்.

சோதனைக்குழாயில் 2 மில்லி மாதிரிக்கு 10 துளி சாறு. எல்லாக் குழாய்க்கும் ஒரே அளவு. பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் பாருங்கள்.

8. தெரியாத கரைசல் கையில் வந்தால்

செய்முறைத் தேர்வில் நிறமற்ற கரைசல் ஒன்றைக் கொடுத்து அமிலமா காரமா என்று கேட்பார்கள். முழுவதையும் ஒரே குழாயில் வைத்து எல்லாவற்றையும் அதிலேயே ஊற்றிவிடாதீர்கள். 2 மில்லி வீதம் நான்கு குழாயில் பிரியுங்கள். கொஞ்சம் மிச்சம் வையுங்கள், தவறினால் மறுபடி செய்ய.

முதல் குழாயிலிருந்து தண்டால் துளி எடுத்து இரண்டு லிட்மஸும். இரண்டாவதில் பினாப்தலீன் 2 துளி. இளஞ்சிவப்பு வந்தால் காரம். நிறமில்லை என்றால் அமிலமாகவோ நடுநிலையாகவோ இருக்கலாம்; லேசான காரமாகக்கூட இருக்கலாம். பினாப்தலீன் பிஎச் 8.2க்கு மேல்தான் நிறம் காட்டத் தொடங்கும். சமையல் சோடா கரைசல் அந்த எல்லையிலேயே நிற்பதால் நிறம் மிக மங்கலாக வரும், சிலசமயம் வராது. அதனால் காரத்துக்கு உதாரணம் காட்ட சலவை சோடாவையோ சுண்ணாம்பு நீரையோ எடுங்கள். பினாப்தலீனை நிறைய ஊற்றினால் பால்போல் கலங்கும். அது தண்ணீரில் கரையாமல் பிரிந்து வருவதுதான். அதை ஒரு மாற்றமாக எழுத வேண்டாம்.

மூன்றாவதில் மெத்தில் ஆரஞ்சு 2 துளி. பிஎச் 3.1க்குக் கீழே சிவப்பு, 4.4க்கு மேலே மஞ்சள், இடையில் ஆரஞ்சு. மஞ்சள் என்றால் காரம் என்று மனப்பாடம் செய்து வந்தவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். வெறும் தண்ணீரிலும் அது மஞ்சள்தான். தயிரின் தெளிந்த நீரிலும் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நிற்கும், தயிர் அமிலமாக இருந்தும். மெத்தில் ஆரஞ்சின் சிவப்பை மட்டும் சான்றாக எடுங்கள்.

நான்காவதில் அரிசி மணி அளவு சோடியம் கார்பனேட். நுரைத்துப் பொங்கினால் அமிலம். வருகிற வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போல் மாறும். தொடர்ந்து செலுத்தினால் மறுபடி தெளியும், ஆகவே மாறிய உடனே நிறுத்திக் காட்டுங்கள். ஒன்றிரண்டு குமிழ் தூளோடு ஒட்டி வந்த காற்றாக இருக்கலாம். சீறும் ஓசை கேட்க வேண்டும்.

துத்தநாகத் துண்டைப் போட்டு ஹைட்ரஜன் வந்தால் அமிலம் என்பதும் முழு உண்மையல்ல. சூடான சோடியம் ஹைட்ராக்சைடிலும் துத்தநாகம் ஹைட்ரஜன் தரும். உலோகச் சோதனை செய்வதானால் உப்புத்தாளால் தேய்த்த மெக்னீசியம் நாடாவில் 1 சென்டிமீட்டர் போதும். அது காரத்தோடு வினைபுரியாது.

காரம் என்று தோன்றினால் உறுதிசெய்ய, சிட்டிகை அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், சேர்த்து மெல்லச் சூடாக்கி, ஈரமான சிவப்பு லிட்மஸைக் குழாயின் வாயருகே பிடியுங்கள். அம்மோனியா வந்து நீலமாக்கும். தாள் குழாயின் சுவரில் படக் கூடாது. அங்கே தெறித்திருக்கும் காரமே நீலமாக்கிவிடும்.

படிகாரமும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்புகள். ஆனாலும் நீல லிட்மஸைச் சிவக்க வைக்கும், கார்பனேட்டோடு நுரைக்கும். உப்பு என்றாலே நடுநிலை என்று வகுப்பில் சொல்லாதீர்கள். சமையல் உப்பு நடுநிலை என்று சொல்லுங்கள்.

9. பிஎச் தாள்

துளி வைத்து, அந்தக் கட்டின் அட்டையில் எத்தனை விநாடி என்று போட்டிருக்கிறதோ அத்தனை விநாடியில், ஈரமாகவே ஒப்பிடுங்கள். வேறு நிறுவன அட்டையோடு ஒப்பிடாதீர்கள். முழு எண்ணுக்கு மேல் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். எலுமிச்சை 2 பக்கம், சுண்ணாம்பு நீர் 12 பக்கம் வந்தால் தாள் நன்றாக இருக்கிறது.

10. பதிவேட்டில் எழுதுவது

சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று பத்தி. காண்பனவில் கண்ணால் கண்டது மட்டும்: "நீல லிட்மஸ் சிவப்பாக மாறியது." "அமிலம்" என்ற சொல் அந்தப் பத்தியில் வரவே கூடாது. அறிவனவில் அந்த ஒரு சோதனையால் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு மட்டும்: பினாப்தலீன் நிறம் தராவிட்டால் "காரம் இல்லாமல் இருக்கலாம்". நான்கு வரியும் முடிந்த பிறகு தனியாக முடிவு. எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தால் அடித்துத் திருத்தாமல், கண்டதை எழுதி அருகில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். "தண்ணீர் போர் தண்ணீர்" என்று ஒரு மாணவி காரணம் எழுதியிருந்தால் அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். கையொப்பத்தை அன்றே போட்டுவிடுங்கள். ஆண்டு இறுதியில் மொத்தமாகப் போட உட்கார்ந்தால் எது கண்டது, எது பார்த்து எழுதியது என்று யாருக்கும் தெரியாது.

11. நேரம்

45 நிமிடப் பாடவேளை ஒன்றில் எல்லாம் முடியாது. தாளைச் சோதிக்க 5, எட்டுப் பொருள் லிட்மஸுக்கு 20, பூச்சாறுக்கு 10, எழுத 10 என்று முதல் வேளை போய்விடும். தெரியாத கரைசலுக்கு இன்னொரு வேளை வேண்டும். இரண்டு வேளை சேர்த்துக் கிடைக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

12. கண், கை, கழிவு

எதையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது, எலுமிச்சையாக இருந்தாலும். அது இப்போது ஆய்வகப் பொருள். சுண்ணாம்பைப் பற்றி எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள். சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கும்போது கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் உண்டு. பொட்டலத்தை ஆசிரியரே கத்தரியால் வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, மாணவருக்குத் தெளிந்த நீரை மட்டும் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவியுங்கள். கண்ணில் எது பட்டாலும், உடனே இமையை விரித்து ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவி, கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். காரம் பட்டால் வினிகர் விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தண்ணீர் மட்டும்தான்.

மிஞ்சிய அமிலத்தையும் காரத்தையும் தொட்டியில் அப்படியே கொட்டாமல் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். மயில்துத்தக் கரைசலை இதில் சேர்க்காமல் தனியே வையுங்கள். வாளியில் மிஞ்சிய சங்குப்பூச் சாற்றை ஊற்றி, இளஞ்சிவப்பாக இருந்தால் சலவை சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகவும், பச்சையாக இருந்தால் வினிகரையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். நீலம் வந்ததும் நிறைய தண்ணீரோடு ஊற்றிவிடலாம். பிள்ளைகளைச் சுற்றி நிற்க வைத்து இதைச் செய்யுங்கள். நடுநிலையாக்கலை அவர்கள் நேரில் பார்ப்பது அப்போதுதான்.

மிஞ்சிய லிட்மஸ் புத்தகங்களை மூடி இறுக்கமான சிறு டப்பாவில் போட்டு, தேதி எழுதி, அமில அலமாரியிலிருந்து தள்ளி வேறு அறையில் வையுங்கள்.